மூன்று கட்டைக்கு இறங்கிய சம்மனசு

போன மாதம் என் மகள் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். நாடக மேடைக்கு இசையமைத்துப் பெரும் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கை வரலாறு. அவருடைய மெட்டுகளைப் பாடாத நாடகக்காரர் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாகல் நகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, தெருவில் போகும் ஆட்டோச் சத்தத்துக்கு நடுவே அதைப் படித்தேன். எல்லாப் பக்கங்களும் வேகமாகத்தான் போயின. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டேன்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூர்த் திருவிழா நாடகத்தில் அவர் பாட்டின் நடுவே சுருதியைத் தவறவிட்டு, ஊராரின் கேலிக்கு ஆளானாராம். அதற்குப் பிறகு மேடையில் ஆர்மோனியத்தின் முன் அவர் உட்காரவே இல்லையாம். அப்போதே காது மந்தமாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நூலாசிரியர் ஊகிக்கிறார்.

அவர் காதுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊர் எங்கள் ஊர். தவறு செய்தவன் நான். இதை நூலாசிரியருக்குக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டேன். கடிதத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோயில் திருவிழாவில் வருடா வருடம் ஒரு புனிதரின் கதையை நாடகமாகப் போடுவார்கள். நாடகத்துக்குப் பொறுப்பு என் அப்பா. பள்ளிக்கூட ஆசிரியரான அவருக்கு ஒரு வருடம் திடீரென்று பெரிய ஆசை வந்தது. பழைய மெட்டுகளை விட்டுவிட்டு மதுரைக்குப் போய், நோட்டீசுகளில் கொட்டை எழுத்தில் பெயர் வரும் அந்த இசை வாத்தியாரையே கூப்பிட்டுவிட்டார். “ராஜாக்களுக்கும் அரக்கனுகளுக்கும் நெறைய மெட்டுப் போட்டாச்சு. சம்மனசுக்கு ஒண்ணு கூடப் போட்டதில்ல, வாரேன்” என்று அவரும் வந்துவிட்டார். இருபது நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினார்.

சம்மனசு, அதாவது வானதூதர் வேஷம், எனக்கு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. என் குரல் உயரமாகப் போகும் என்பதால் சம்மனசின் பாட்டை ஐந்தரைக் கட்டையில் அமைத்தார் வாத்தியார். சுருதி எவ்வளவு உயரம் என்பதை நாடகக்காரர்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்தரை என்பது நல்ல உயரம். அந்த உயரத்தில் நின்று நான் பாடியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தை மூங்கில் சிம்பை வளைத்து, துணி கட்டி, பஞ்சு ஒட்டி எனக்கு இரண்டு சிறகுகள் செய்தாள். அவற்றை மாட்டிப் பார்க்கிற சாக்கில் ஒரு நாளைக்கு நாலு முறை அத்தை வீட்டுக்குப் போனேன். “ஆடாத ஏலே, றெக்க பிஞ்சா அம்புட்டுத்தான், வெறும் முதுகோட போய் நில்லு” என்று அவளும் விரட்டுவாள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது என் குரல் உடையத் தொடங்கியது. கிணற்றடியில் தனியாகப் பாடிப் பார்த்தபோது, மேலே போன குரல் நடுவில் காணாமல் போய், வேறு எவனோ ஒருவனின் குரலாக அடியில் வந்து விழுந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேஷம் சித்தப்பா மகனுக்குப் போய்விடும். அவனும் ஒத்திகையின்போதெல்லாம் ஓரமாக நின்று என் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தான். சளி என்று சொல்லி ஒத்திகைகளில் வாயை மட்டும் அசைத்தேன். அம்மா பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப்போட்ட பால் கொடுத்தாள். பொய்யாக இருந்தாலும் சளிக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

வாத்தியார் மட்டும் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நெசமாச் சொல்லு அப்பு, தொண்ட உடையுதா?”

“இல்லங்கய்யா, சளி.”

“ஒடஞ்சாத் தப்பில்ல. எல்லாப் பயலுக்கும் ஒடையும். இப்பச் சொன்னேன்னா மெட்ட மாத்திக்கிரலாம்.”

“அந்தோணியார் சத்தியமா சளிதாங்கய்யா.”

அவர் சரி என்று போய்விட்டார். எங்கள் ஊரில் அந்தோணியார் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் கிடையாது. வெளியூர்க்காரரான அவருக்கும் வந்த சில நாளிலேயே அது தெரிந்திருந்தது. அதனால் நம்பிவிட்டார்.

மின்சாரத்தை நம்ப முடியாது என்று நாடகத்தைச் சாயங்காலமே தொடங்கினார்கள். எரியோட்டிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. சிறைப்பட்ட புனிதைக்கு முன்னால் சம்மனசு தோன்ற வேண்டிய காட்சி. சிறகுகளோடு போய் நின்றேன். கூட்டம் “ஆ” என்றது. முதல் அடியைப் பாடிவிட்டேன். இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறியது. தண்ணீர் வற்றிய அடிகுழாயை அடித்தால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வரத் தொடங்கியது.

அதைக் கூட்டம் கேட்பதற்குள் ஆர்மோனியம் அலறியது. வாத்தியாரின் இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் தாறுமாறாக விழுந்தன. பாட்டே நின்றுபோனது. அவர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பெரியவங்க மன்னிக்கணும். பயல் சரியாத்தான் பாடுறான். நாந்தான் சுருதி மாத்திப் புடிச்சுட்டேன்.”

பிறகு உட்கார்ந்து மூன்று கட்டையில் சுருதி பிடித்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அந்தத் தாழ்ந்த சுருதியில் என் உடைந்த குரல் எப்படியோ நடந்து கரையேறிவிட்டது. ஆனால் ஆர்மோனியக்காரர் பாட்டின் நடுவில் கட்டையைத் தவறவிடுவதை எங்கள் ஜனம் பொறுக்காது. கண் தெரியாதவன் வண்டி ஓட்டியதுபோலத்தான் பேசுவார்கள்.

“மதுரையில இருந்து கூட்டியாந்தீங்களே, அய்யாவுக்குக் கட்ட எது கம்பு எதுன்னு தெரியலையே!”

“பசியா இருக்கும்ப்பா. வாத்தியாருக்கு மொதல்ல எலையப் போடுங்க!”

“காது கேக்குதான்னு பாருங்கடே.”

நாடகம் முடிந்ததும் மெட்டுப் போட்டவருக்கு மேடையில் பட்டுத்துண்டு போர்த்துவது வழக்கம். திண்டுக்கல்லில் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய துண்டு அப்பாவின் கையில்தான் இருந்தது. அவர் மேடையேறவில்லை. துண்டை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். “பேரப் பாத்து ஏமாந்துட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், சிறகுகளைக்கூடக் கழற்றாமல். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தத் துண்டு பையிலிருந்து வெளியே வந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் பொய்ச் சத்தியம் வெளியே வந்துவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். “சம்மனசு அருமையாப் பாடுச்சு” என்று ஊர்ப் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சுகம் இன்னொரு பக்கம். பயத்தைவிடச் சுகம்தான் பெரிது என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் பஸ் ஏறக் கிளம்பியவருக்கு அம்மா இட்லிப் பொட்டலம் கொடுத்து, என்னையும் கூட அனுப்பினாள். ரோட்டோரத்தில் அவர் ஆர்மோனியப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, “வாயத் தொற” என்றார். தொண்டைக்குள் பார்த்தார்.

“இன்னையில இருந்து ஆறு மாசம் நீ பாடக் கூடாது. கோயில்லயும் பாடாத. தோட்டத்துல நின்னு கத்தாத. புரியுதா?”

தலையாட்டினேன். பஸ் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

அதை நான் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். பலர் முன்னிலையில் என்னைக் காப்பாற்றிவிட்டு, யாரும் இல்லாத இடத்தில் கணக்குத் தீர்த்துவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அப்பாவிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதும் எளிதாகிவிட்டது. நான் பட்ட தண்டனைக்கும் வாத்தியார் பட்ட கேலிக்கும் சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்பா இறக்கும்வரை சொல்லவில்லை.

வாத்தியாருடைய சிறுவயதைப் பற்றி இந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஏழு வயதில் சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, தேன் போலப் பாடிய பையன். பதின்மூன்றில் அவருக்குக் குரல் உடைந்தது. டிக்கெட் விற்றாகிவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் ஓய்வு கொடுக்காமல் தினமும் பாட வைத்தார்கள். ஒரு வருடத்தில் குரல் அடியோடு போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. அதன் பிறகுதான் ஆர்மோனியத்தின் பக்கம் உட்கார்ந்தாராம். அவர் பாடியே காட்டாமல், விரலால் வாசித்தே எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த காரணம் எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

எனக்குக் குரல் திரும்பி வந்தது. ஐம்பது வருடம் கோயில் பாடற்குழுவில் பாடினேன். என் மனைவி என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் குரலைக் கேட்டவள். முகத்தை முதலில் பார்த்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டாள் என்று அவளே சொல்வாள். எழுபத்தைந்து வயதிலும் பூசையில் ஒரு பாட்டு என்னால் பாட முடிகிறது. இத்தனையும் அவர் கொடுத்தது. அவருக்கு நான் கொடுத்தது செவிடன் என்ற பெயர்.

அந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் பாடும்போது நான் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். “ஏண்டா பாட மாட்டேங்குற?” என்று அம்மா முழங்கையால் இடிப்பாள். நான் வாயே திறக்க மாட்டேன். சம்மனசாக நின்று பாடியவன் ஊமையாக நிற்பதை ஊரே பார்க்கட்டும், அந்த ஆள் செய்த கொடுமை எல்லோருக்கும் தெரியட்டும் என்று, அவரைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் அவர் சொன்னபடியே செய்தேன்.