அனுப்பாத உறை

என் மேசை இழுப்பறையின் அடியில் ஒரு காக்கி உறை கிடக்கிறது. மேலே 'பத்திரிகைச் செய்தி, அவசரம்' என்று என் கையெழுத்து. அறுபது வருடமாக அந்த அவசரம் அங்கேயே கிடக்கிறது. அதற்கு ஜோடியாக இன்னோர் உறை இருந்தது. அது போக வேண்டிய இடத்துக்குப் போய், கெடுக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் நான் ஒரு நாளிதழின் ஏஜெண்ட். காலையில் அதை விற்பவனும் நான்தான், மாலையில் அதற்குச் செய்தி எழுதுபவனும் நான்தான். கால்பந்துப் போட்டி நடந்தால் வீரர் பேட்டியும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது திருச்சியில் இருந்த துணை ஆசிரியரின் உத்தரவு. "பேட்டியில காரம் வேணும்யா, உப்புச் சப்பில்லாம அனுப்பாதே" என்பார். ஆட்டம் முடியும்போது ஆறு மணி ஆகிவிடும். மைதானத்தைத் தாண்டிப் போகும் திருச்சி பஸ்ஸுக்கும் அதுதான் நேரம். அதை விட்டால் மறுநாள் பத்திரிகையில் வராது. அதனால் பேட்டியை மத்தியானமே எழுதிவிடுவேன். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. கோல் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைத்து, கடைசி விசில் ஊதியதும் அதை நிரப்பி, உரிய உறையைக் கண்டக்டரிடம் கொடுப்பேன். இதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். அதே அணியில் வலது பக்க பேக்காக, கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவராக, ஆடிய திருவரங்குளத்துக்காரர் அவருடைய மச்சான், ஒரே தங்கையைக் கட்டியவர். தங்கைக்கு அப்போது ஏழு மாதம். இறுதி ஆட்டம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அன்றே தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது என்று ஏற்பாடு. ஆட்டத்தன்று மத்தியானம் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்று அவர் எனக்குப் பேட்டி கொடுத்தார். ஜெயித்தால் என்ன சொல்வீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, "நல்லதா நீங்களே போட்டுக்கங்க ஏஜெண்டு" என்றார். தோற்றால்? "பந்து என்னையத் தாண்டித்தானே உள்ள போகணும். எம்மேல போட்டு எழுதிக்கங்க."

அதில் காரம் இல்லை. அதனால் நான் எழுதியது இது: 'வலது பக்க பேக் தன் இடத்தில் நின்றிருந்தால் இந்தத் தோல்வி நேர்ந்திருக்காது என்று கோல்கீப்பர் மனம் நொந்து கூறினார்.'

அன்று மழை. தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நேராகக் கைக்கு வந்த பந்து கோல்கீப்பரின் பிடி வழுக்கிக் காலிடுக்கில் உள்ளே போனது. மைதானமே பார்த்தது. மச்சான் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். சேற்றில் குப்புறக் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தியவரும் அவர்தான். நான் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தோல்வி உறையில் இருந்த தாளை உருவி 'ஒன்று' என்று நிரப்பினேன். ஓர் அம்மாள் கூடையோடு ஏறி முடிக்கும் வரை பஸ் நின்றது. பென்சில் என் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு வரி. அதை அடித்துவிட்டால் பேட்டி சப்பென்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். நேரம் இல்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். நேரம் இருந்தது.

மறுநாள் காலை கோல்கீப்பர் என் கடைக்கு வந்தார். "இதை நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டார். திருச்சியில் சேர்த்துவிட்டார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன். "மறுப்புன்னு ஏதோ போடுவாங்களாமே, அதைப் போட்டுருங்க. இல்லாட்டி திருவரங்குளத்துக்கு ஒரு எட்டு வந்து மச்சான்கிட்ட சொல்லுங்க, போதும். வெள்ளிக்கெழமை வளைகாப்பு வச்சிருக்கோம்." விஷயம் வெளியே வந்தால் என் ஏஜென்சி போய்விடும் என்றேன். சொன்ன பொய் அதிலேயே உடைந்துவிட்டது. "சரி, விடுங்க. ஒங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மச்சான் தங்கையை அனுப்பவில்லை. பிடி நழுவவிட்டுவிட்டு ஊரறியத் தன்மேல் பழி போட்டவன் வீட்டு வாசலைத் தன் பெண்டாட்டி மிதிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கொண்டுபோன வளையலும் சோற்றுப் பாத்திரங்களும் அப்படியே திரும்பி வந்தன. பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் இருக்க, அதற்கு வேறு யார் மடியிலோ வைத்துக் காது குத்தினார்கள். அப்போதும் கோல்கீப்பர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வருடம் ஓர் ஆட்டம் முடிந்ததும் வெட்கமில்லாமல் நோட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். "எழுதித்தானே வச்சிருப்பீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இப்போது தொலைக்காட்சியில் ஆட்டம் முடிந்த கையோடு, மூச்சு வாங்கும் வீரன் முன்னால் மைக்கை நீட்டுகிறார்கள். அவன் சொன்னதை அவன் வாயாலேயே ஊர் கேட்கிறது. நேற்று அப்படி ஒரு பேட்டியைப் பாதியில் அணைத்துவிட்டு அந்த உறையை எடுத்துப் பிரித்தேன். வெற்றிக்கான பேட்டி. 'இந்த வெற்றி முழுக்க என் மச்சானுக்கே உரியது' என்று கோல்கீப்பர் அதில் நெகிழ்ந்திருக்கிறார். அதுவும் என் சரக்குதான். இரண்டு உறைகளிலும் அந்த மனிதர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. "எம்மேல போட்டு எழுதிக்கங்க" என்று அவர் சொன்னதை இன்றைக்குத்தான் முதல்முதலாக எழுதுகிறேன். படிக்க அவர் இல்லை, மச்சானும் இல்லை.

அந்தக் குழந்தை இருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது, திருவரங்குளத்தில்தான் இருக்கிறார். அவருக்கு இதை அனுப்பப் போகிறேன். உறையின் மேல் 'அவசரம்' என்று எழுதத்தான் கை கூசுகிறது.