சின்னப்பனுக்குக் கிடைக்காத கேரக்டர்

ஊறிய ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறினால், இத்தனை வயதிலும் எனக்குச் சின்னப்பன்தான் நினைவுக்கு வருவார். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த தோல் பதனிடும் டேனரி ஒன்றில் என் நைனா தோல்களைத் தரம் பிரிக்கும் மேஸ்திரி. ஒன்பது வயதுப் பெண்ணான நான் அவருக்குப் பகல் சோறு கொண்டுபோவேன். மதராஸ் வியாபாரிகள் எங்கள் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, தோலின் ஓரத்தில் விழுந்திருக்கும் "மார்க்கு" ஒன்றை நம்பியே வாங்குவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் பெருமை. முதல் தரத் தோலுக்கு மட்டும் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. விழுந்தது விழுந்ததுதான், அழிக்க முடியாது. "மார்க்கு கெட்டா பொழப்பே கெட்டுச்சு" என்பார் நைனா.

மார்க்கு அடிக்கும் வேலை சின்னப்பனுடையது. ஒருநாள் அவரும் நைனாவும் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, நெடுநாள் ஆசை தாங்காமல் அச்சை எடுத்துக் கைக்கெட்டிய தோலில் வைத்து ஓங்கி அடித்துவிட்டேன். அடடா, எவ்வளவு அழகாக விழுந்தது! அப்புறம்தான் பார்த்தேன், அது உண்ணி கடித்து ஓட்டை விழுந்த கழிசல் தோல். பயத்தில் அதைப் பக்கத்திலிருந்த முதல் தர அடுக்கின் நடுவில் செருகிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல உட்கார்ந்துகொண்டேன். திருட்டுப் புத்திக்கு வயசா முக்கியம்!

சில வாரங்களில் அந்தத் தோல் இருந்த கட்டு மதராஸிலிருந்து திரும்பி வந்தது. நான் சோற்றுத் தூக்கோடு உள்ளே நுழைந்தபோது, முதலாளி அந்தத் தோலை முற்றத்தில் விரித்துப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"அச்சு உன் கையில இருந்துச்சு. வேற யாரு அடிச்சது, பேயா?"

"சத்தியமா நான் அடிக்கல மொதலாளி" என்றார் சின்னப்பன்.

"நாளையிலேர்ந்து வராதே."

சின்னப்பன் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. "ஒரு கேரக்டராவது எழுதிக் குடுங்க. அது இல்லாம வாணியம்பாடியில, பேர்ணாம்பட்டுல எவனும் உள்ளயே வுட மாட்டான். புள்ளைங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். இவன் நல்லவன், நம்பலாம் என்று முதலாளி இங்கிலீஷில் எழுதித் தரும் ஒற்றைத் தாளுக்கு அந்நாளில் "கேரக்டர்" என்று பெயர்.

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தேன். "நான்தான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். நைனா என் தோளை இறுக்கிப் பிடித்தார். முதலாளி நம்பாமல் ஒரு துண்டுத் தோலைப் போட்டு அடிக்கச் சொன்னார். அடித்தேன், அச்சு அசலாக விழுந்தது. சின்னப்பன் தப்பித்துவிட்டார் என்று மூச்சு வந்தது எனக்கு.

முதலாளி அந்தத் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நைனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சின்னப் பொண்ணு அடிக்கிற மார்க்குன்னு தெரிஞ்சா எவன் நம்மள நம்புவான்? ஆள் தப்பு பண்ணான், தொரத்திட்டோம்னு மதராஸுக்கு எழுதுனா மார்க்கு பொழைக்கும். அவனுக்குக் கேரக்டர் குடுத்தா நம்ம பேச்சு நம்மளயே சுடும்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அங்கிருந்த இருபது பேரும் உண்மை தெரிந்தே வேலைக்குத் திரும்பினார்கள். சின்னப்பன் கிணற்றடியில் கை கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். குடும்பத்தோடு ஜோலார்பேட்டையில் ரயிலுக்கு நின்றாராம். அதற்குமேல் சேதி இல்லை. அந்த மௌனத்துக்காக நைனாவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பின்னாளில் ஆசிரியைப் பயிற்சியின்போது "கேரக்டர்" என்ற சொல்லை அகராதியில் தேடினேன். கிரேக்கத்தில் அது முதலில் அடையாளம் பொறிக்கும் கருவியாம். பிறகு பொறித்த அடையாளம். அப்புறம் மனிதனின் குணம். கடைசியில் அவனைப் பற்றி ஊர் சொல்வது, அதை எழுதித் தரும் தாள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பை ஓங்கியது நான், தழும்பு விழுந்தது அவர்மேல்!

இன்று அந்த டேனரி இல்லை, முதலாளி இல்லை, நைனாவும் இல்லை. உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய மார்க்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்ல ஆம்பூரில் ஆளில்லை. யாரும் எழுதாத தாளை நானே எழுதுகிறேன்: சின்னப்பன் யோக்கியமான வேலைக்காரர். அந்த மார்க்கை அவர் அடிக்கவில்லை.