அழிக்கலாம் என்ற வசதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். ஆளுக்கொரு வேலை இருந்தது. கேமரா யாருக்கும் சோறு போடவில்லை. இரண்டாயிரத்து நாலு வாக்கில் எங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பிலிமா, டிஜிட்டலா. படம் எடுத்த நேரத்தைவிட, அதன் பிறகு மிசல் என்கிற காரப் பயறுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்ட நேரம்தான் அதிகம்.

நான் டிஜிட்டல் கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர். கோயமுத்தூரிலிருந்து சாப்ட்வேர் வேலைக்காக மராத்தி ஊருக்கு வந்து, நிக்டி என்ற பகுதியில் மனைவியோடு வாடகை வீட்டில் இருந்தேன். எதிர்க்கட்சிக்குத் தலைவன் என் வயசுக்காரன், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற மராத்திக்காரன். ஒரு கொக்குக்காக அரைமணி நேரம் முழங்கால் சேற்றில் நின்று ஒரே ஒரு படம் எடுப்பான். என் டிஜிட்டலோ, பொத்தானை அழுத்தினால் யோசித்துத்தான் எடுக்கும். அதற்குள் பறவை பறந்துவிடும், படத்தில் கிளை மட்டும் விழும். எனக்குக் கிளை ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர் வைத்திருந்தான்.

நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிடிக்காத படத்தை அங்கேயே அழித்துவிடலாம் என்பது என் முக்கியமான வாதம். அதுதான் அவனுக்கு ஆகாது. பிலிமில் இன்றைக்குப் பிடிக்காத படமும் நெகட்டிவில் கிடக்கும், உன்னுடையதில் இன்றைக்குப் பிடிக்கவில்லை என்றால் அதோடு போச்சு என்பான். மோசமான படத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய், பூஜையா என்று நான் கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பிலிம் கேமராவைக் கொடுத்துவிட்டு டிஜிட்டல் வாங்கியதற்குக் காரணம், மனைவி உண்டாகியிருந்ததுதான். முதல் குழந்தை. பிறந்த நிமிஷத்திலிருந்து எடுத்துத் தள்ளிவிட வேண்டும், ரோலை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று பேச்சு இருந்தது. ரத்த அழுத்தம் அதிகம், பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மாமியார் ஈரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எட்டாம் மாதம் ஒரு காலையில் அழுத்தம் எகிறிவிட்டது. முழு மயக்கம் கொடுத்து அவசரமாக அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. மிகவும் சிறியவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். நிலைமை சரியில்லை, வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்றாள் நர்ஸ். பத்து நிமிஷம் இருந்தேன். கேமரா கழுத்தில் தொங்கியது. ஒன்பது படம் எடுத்தேன். அங்கே எரிந்த விளக்கில் குழந்தையின் தோல் ஆரஞ்சு நிறமாகத் திரையில் தெரிந்தது. நான் மெனுவுக்குள் போய் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை மாற்றினேன், திரும்ப மாற்றினேன். என் மகளோடு எனக்குக் கிடைத்த பத்து நிமிஷத்தில் பாதியை அதற்குச் செலவழித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். துணியில் சுற்றிக் கொடுத்ததை மாமியார்தான் மடியில் வாங்கிக்கொண்டார். அழுத்தம் இறங்கத் தூங்க வைத்திருந்ததால் மனைவிக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. வராந்தாவில் தண்ணீர் பில்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னை மாமியார் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் படமெல்லாம் அழிச்சுப்போடுங்க. எந்திரிச்சதும் அவ கேப்பா. பாத்தாள்னா தாங்க மாட்டா."

நான் கழுத்திலிருந்த கேமராவைப் பிடித்துக்கொண்டேன்.

"போன புள்ளையோட படத்த வெச்சிருக்கக் கூடாதுங்க. அடுத்தது தங்காதும்பாங்க. நீங்க நம்ப வேண்டாம், எனக்காகச் செய்யுங்க."

அவர் அழுதுகொண்டே சொன்னார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. பெற்ற மகளைக் காப்பாற்றப் பார்த்தார், அவ்வளவுதான். நான் கேமராவைத் திறந்தேன். இந்தப் படத்தை அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றேன். அடுத்த படம் வந்தது. ஒன்பது முறை ஆம். கை தானாக வேலை செய்தது. அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. சாயங்காலத்துக்குள் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு போய்க் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தேன். மனைவி கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிந்தைய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிலிம்காரன் ஸ்கூட்டரில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. "சல் யார்," வாடா போகலாம் என்றான். நான் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பாஷான் ஏரிக்குப் போனோம். அவன் வழக்கம்போல அரைமணி நேரம் நின்றான். நான் எதையும் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். கிளை, தண்ணீர், கிளை. கார்டு நிரம்பிவிட்டது என்று கேமரா சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். அன்று அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து மாமியார் ஊருக்குப் போனார். அவர் இருந்தவரை மனைவி என்னிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழந்தை எப்படி இருந்தாள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டதற்கு, "அதையே நெனைக்காத, மறந்துரு" என்று எழுந்து போய்விட்டாராம். ரயில் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, பாப்பாவப் படம் எடுத்தீங்கல்ல?"

"இல்ல."

"நீங்களா எடுக்காம விட்டீங்க?"

"தோணல," என்றேன்.

"நான் ஒருக்காக்கூடப் பாக்கலைங்க," என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது. அழித்தால் படம் அழிவதில்லை. கார்டின் பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகும். அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்படுகிறவரை படம் அப்படியே இருக்கும். இது எனக்குப் புதிய செய்தி இல்லை. இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். மருத்துவமனை வராந்தாவில் அது நினைவுக்கு வரவில்லை, ஏரிக்கரையிலும் வரவில்லை. என்னிடம் இருந்தது ஒரே கார்டு. என் மகள் இருந்த இடத்தில் நானே கிளைகளை எழுதிவைத்திருந்தேன். மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், போனேன்.

அழிந்த படங்களை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி, அந்த வாரம் ஆபீஸிலேயே கார்டைப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக ஏரிதான் வந்தது. மற்றவை திறக்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் திறந்தது. மேலே கால் பங்கு படம், மீதி முழுக்கச் சாம்பல் நிறம். அந்தக் கால் பங்கில் பெட்டியின் ஓரம், பச்சைத் துணி, தலைமுடி, நெற்றி. புருவம் தொடங்குகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. நிறம் சரியாக வந்திருந்தது.

இதை அவளிடம் காட்டினால் எடுக்கவில்லை என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். காட்டாவிட்டால் அவள் தன் மகளை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. எது பெரிய தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையில் யோசிக்கவில்லை, பிரிண்ட் போட்டு நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒரு சனிக்கிழமை காலையில், அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிரிண்டை எடுத்து மேடையில் வைத்தேன். எடுத்தேன், அழித்துவிட்டேன், இவ்வளவுதான் திரும்பக் கிடைத்தது என்றேன். அழிக்கச் சொன்னது யார் என்று சொல்லவில்லை.

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"முடி நெறையா இருந்திருக்குது," என்றாள்.

பிறகு சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுக்குக் கீழ எப்படிங்க இருந்தா?"

எனக்கு ஞாபகம் இல்லை. குழாய் ஞாபகம் இருந்தது, பிளாஸ்திரி ஞாபகம் இருந்தது, ஆரஞ்சு நிறம் ஞாபகம் இருந்தது. முகம் இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட மூக்குதான்," என்றேன். "அப்படியே."

அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஈரோட்டுக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். "எம் மூக்காம்மா அவளுக்கு, இவரு சொன்னாரு," என்று அவள் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் அந்த முகத்தை மடியில் வைத்துப் பார்த்தவர், நான் சொன்னது பொய்யா என்று அவருக்குத் தெரியும். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மனைவி மட்டும் "ம்" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை "ம்" என்றாள்.