மங்கல் என்று சொல்லாமல் வாங்கிய பாட்டில்

என் மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் முதலில் ஏறி உட்கார்ந்தவள் நான்தான். பயமாக இல்லையா என்று தெருவில் கேட்டார்கள். பயம் எதற்கு? முன் சீட்டில் காற்று எவ்வளவு நன்றாக வருகிறது தெரியுமா?

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார் அது. நமக்குத்தான் புதுசு, வண்டி பழசு. மீன்சுருட்டியில் மருமகளின் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தானே ஓட்டிக்கொண்டு வருவதாக இவள் போனில் சொன்னாள். எனக்கே கேட்டது அந்த அண்ணன் குரல்.

"நீ ஓட்டுறியா? டிரைவர் யாரயாச்சும் வெச்சுக்க பாப்பா. அந்தப் பழைய வண்டி வாசல்ல நின்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

இவள் போனை வைத்துவிட்டு நேராகப் போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கழுவுவாள். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளிச்சென்று இருப்பதற்கு என் மகன்தான் காரணம்.

கார் வெளுத்துவிட்டது, டயரும் வெளுத்துப் போயிருந்தது. அதுதான் சங்கடம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டில் காயப்போட்ட சேலையே நிறம் மாறிவிடும், டயர் என்ன செய்யும்? டயருக்குப் பூச ஏதோ இருக்கிறதாம் என்று கார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"ஒண்ணு பளபளன்னு நிக்கும் ஆயா. இன்னொண்ணு மங்கலா இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் விளக்கை அணை என்றுகூடச் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அரிசி தீர்ந்துவிட்டால் நிறைந்திருக்கிறது என்போம். காதுகுத்துக்குப் போகிற வண்டிக்கு மங்கலா? "நல்ல காரியத்துக்குப் போறோம், அந்த வார்த்தய சொல்லாதீங்க தம்பி" என்று பளபள பாட்டிலையே கேட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. அதில் கண்ணாடி மாதிரி மின்னுகிற டயர் படம் இருந்தது, போதாதா? மருமகளின் கை ஏற்கெனவே மற்ற பாட்டில்மேல் இருந்தது. எனக்காகக் கையை எடுத்துக்கொண்டாள்.

பளபள பாட்டிலைப் பூசி, வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மனிடம் வண்டியைக் காட்டிவிட்டு வரக் கிளம்பினோம். எண்ணெய் வழியத் தலை வாரிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது டயர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரம்பலூர் வரைக்கும் முன்னால் லாரிதான். கோயில் வாசலில் இறங்கிப் பார்த்தால், நான்கு டயரும் மாவில் புரட்டிய வாழைக்காய்! அந்தப் பிசுக்கில் ரோட்டுப் புழுதி மொத்தமும் ஒட்டியிருந்தது. போதாததற்கு, டயரிலிருந்து தெறித்துக் கதவெல்லாம் கறுப்புப் புள்ளி. எந்தக் குவாரியிலிருந்து வருகிறீர்கள் என்று பூக்காரம்மா கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் சிரிக்கவில்லை.

"அத்த, இப்புடியே போய் நின்னா எங்கண்ணன் வாயத் தொறக்கவே வேணாம்."

அப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மனிடம் வேறு என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன், கடைசியில் டயரைப் பற்றித்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடியும் அதே கடை. இந்தத் தடவை நானே பேசினேன். அன்றைக்குக் காட்டினீர்களே, அதை வேறு பேர் சொல்லிக் கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"டயரு டயராவே இருக்கும், ஆயா. போதுமா?"

இது நல்ல வார்த்தை. விரலில் தொட்டுப் பார்த்தேன், பால் மாதிரி இருந்தது, பிசுபிசுப்பு இல்லை. பழைய பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, டயரின் பக்கவாட்டில் மட்டும் பஞ்சால் மெல்லிசாகத் தடவ வேண்டுமாம். ரோட்டில் படுகிற இடத்தில் பட்டால் வழுக்கிவிடுமாம். கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். மின்னவில்லை. கழுவிக் காயவைத்த ஆட்டுக்கல் மாதிரி, கறுப்பாக, அடக்கமாக இருந்தது.

காதுகுத்து அன்றைக்கும் வழியெல்லாம் லாரிதான். ஜெயங்கொண்டம் தாண்டி ஓரமாக நிறுத்தி, காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டினாள். புழுதி உதிர்ந்துவிட்டது.

அண்ணன் பந்தலிலிருந்து வந்தார். என்னை வாங்க என்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், முன் டயரிடம் குனிந்தார். நான் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

"டயர் புதுசா மாத்துனியா?"

"இல்லண்ணா. கழுவுனேன்."

அவர் நிமிர்ந்தார். பிறகு பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜெயங்கொண்டத்துல மாலைக்குச் சொல்லி வெச்சிருக்கு. வண்டிய எடு பாப்பா, போயிட்டு வந்துடுவோம்."

முன் கதவைத் திறந்தார். சீட்டில் நான் இருந்தேன். அந்த இடத்தை இதுவரைக்கும் யாருக்கும் விட்டதில்லை, மகன் லீவில் வந்தபோதுகூட. அன்றைக்கு இறங்கிக்கொண்டேன். காற்று நல்லா வரும், உக்காருங்க என்று மட்டும் சொன்னேன்.