துணைக்கு ஒரு சீட்டு

என் மகள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல. நாலு வீடு தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு, என்னிடமிருந்து போனது. அப்படிப்பட்டவள் அன்றைக்கு டெல்லியிலிருந்து கூப்பிட்டு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று ஒன்றுக்கும் உதவாததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத்தச் சொல்லணுமோ அதச் சொல்லுட்டி" என்றேன்.

"அப்பா எப்பவும் உக்காந்த கை வச்ச சேர் இருக்குல்லா, அதுல ஒரு தடவ உக்காந்து பாரும்மா. பிளேன் சீட்டு ஏகதேசம் அந்த அகலந்தானாம்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தென்காசி வீட்டில் அவளுக்கென்று அறையை வெள்ளையடித்துத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பயணம் கூடாது, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வரமுடியாது என்றால் நான்தான் போகவேண்டும், அதுவும் உடனே. ரயிலில் இரண்டு நாள் உட்கார என் முழங்கால் சம்மதிக்காது. கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது டெல்லிக்குப் போன கதையை.

போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, இறங்கினேன். வாசலில் பால்காரர் மணியடித்தார். எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வீட்டில் ஆள் இல்லை என்பது உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுக்கிக் குலுக்கிக் கழற்றி முடிப்பதற்குள் பால்காரர் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மருமகன் பேசினார். ராணுவத்தில் இருக்கிறவர், சொல்வதை நேராகச் சொல்வார். சீட்டின் இரண்டு பக்கக் கைப்பிடியும் முழுசாகக் கீழே இறங்க வேண்டுமாம். இறங்காவிட்டால் பக்கத்து சீட்டையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். எடுக்காமல் போய், விமானமும் நிறைந்திருந்தால், ஏறியவரை இறங்கச் சொல்லவும் கூடுமாம். "நாமளா எடுத்துட்டா மரியாதை அத்தை" என்றார்.

மரியாதை என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். வலியில் துடிக்கிற பெண்கள் கட்டில் கம்பியை விட்டுவிட்டு என் புஜத்தைத்தான் பிடிப்பார்கள். நகம் பதிந்த கையோடு எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் என் அகலத்தை அளந்து பார்க்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைகளையெல்லாம் பிடித்தவளுக்குச் சொந்தப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதற்குக் கைப்பிடி இறங்க வேண்டியிருந்தது.

"எடுங்க மாப்பிள்ள" என்றேன். மகளுக்காக.

நான் பெருத்த உடம்புக்காரி. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் அது ஒரு பிரச்சினை என்று தெரியாமலே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. காரணம் என் வீட்டுக்காரர். அவர் போலீஸ்காரர், தொப்பை இல்லாத போலீஸ்காரர். அவருடைய தொப்பையையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டேன் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். திருநெல்வேலி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் எனக்கு ஜன்னலோரம், அவர் பக்கத்தில். என் உடம்பில் பாதி அவர் மேல்தான் இருக்கும். வளைவில் பஸ் சாயும்போது முழுசாகவே அவர் மேல்தான். ஒருநாளும் நகர்ந்து உட்கார் என்று சொன்னதில்லை. எனக்கு ஒரு சீட்டு போதும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டையும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது மருமகன் பேசிய பிறகுதான் புரிந்தது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்து மூன்றாவது சாரல் காலம் வந்துவிட்டது.

மறுநாள் மனசு சரியில்லாமல் குற்றாலத்துக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் நான் ஏறியதும், "ஆச்சி ஏறியாச்சு, வண்டி ஃபுல்லு, போலாம்" என்றான் ஓட்டுகிறவன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"ஏலே, ஒங்கம்மைக்குப் பிரசவம் பாத்ததே நாந்தாம்லே. அன்னிக்கு நீயே வெளிய வர இடம் பத்தாமத்தான் கிடந்த" என்றேன்.

ஆட்டோவே சிரித்தது. அவன் அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது. இருந்தாலும் அவன் அதற்கப்புறம் வண்டியைப் பதனமாக ஓட்டினான். இறங்கும்போது, "பாத்துப் பைய இறங்குங்க" என்றான். அந்த ஆட்டோவில் எங்களுக்குள் விரல் நுழைய இடமில்லை. ஒருத்தி மடியில் இன்னொருத்தியின் பை, என் தோளில் யாரோ ஒருத்தியின் தலை. யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை.

மெயினருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் ஒல்லியான பிள்ளைகளை அது தள்ளிவிடும். என்னை அசைக்காது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், "அக்கா, ஒங்களப் பிடிச்சிக்கிடுதேன்" என்று இரண்டு பக்கமும் வந்து தொற்றிக்கொள்வார்கள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருப்பார்கள், போய்விடுவார்கள். அவர் போன பிறகு என்னை மனிதர்கள் தொடுவது அங்கே மட்டும்தான். அதற்காகத்தான் அருவிக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வீடு திரும்பி போனைப் பார்த்தால், குடும்பத்து வாட்ஸ்அப் குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்கு யாராவது கார் ஏற்பாடு செய்யட்டும் என்று மருமகன் டிக்கெட்டை அதில் போட்டுவிட்டார். ஒரே விமானம், இரண்டு சீட்டு. இரண்டிலும் என் பெயர்தான் இருந்தது, அதை யார் பார்த்தார்கள்? பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற பொம்பளை எங்கள் பக்கத்தில் ஒற்றையாகப் போவதில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கே துணைக்கு ஒருத்தி போவாள். ஆகவே இரண்டாவது சீட்டு துணைக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மருமகன் விவரமானவர், முறை தெரிந்தவர் என்று அவருக்குப் பாராட்டு வேறு. துணைக்கு யார் என்பதுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் அதையும் அவர்களே தீர்த்துவிட்டார்கள்: என் வீட்டுக்காரரின் தங்கை.

உண்மையை நாலு எழுத்தில் அந்தக் குரூப்பில் போட்டிருக்கலாம். விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில், அது என் இடுப்புக்கு எடுத்த சீட்டு என்று எழுத எனக்கு வரவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் நாத்தனார் கீழப்பாவூரிலிருந்து வந்து இறங்கினாள். கையில் புதுப் பை. உளுந்தங்களிக்கு மாவு திரித்துக் கொண்டுவந்திருந்தாள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தனியாக. தனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி, அதைத் தானே போட்டும் காட்டினாள். சாரல் விட்டிருந்த அந்தப் புழுக்கத்தில்.

"டெல்லியில குளிருமாம்லா. எம் மருமவ சொல்லுதா, இப்ப அங்கன வெயிலுன்னு. அவளுக்கு என்ன தெரியும், அவ பிளேன்ல போயிருக்காளா?"

"நீ போயிருக்கியா?"

"அதான் போறேன்லா மதினி!"

அவளும் தனி ஆள்தான். மகன் வீட்டில் இருக்கிறாள், சோறு கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அவள் காப்பி குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டாள். இனி தள்ளிப்போட ஒன்றுமில்லை.

"அந்த சீட்டு ஆளுக்கில்லட்டி" என்றேன்.

"பின்ன?"

"எனக்குத்தான். ஒரு சீட்டுல நான் கொள்ள மாட்டேன்."

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள், அப்போதுதான் பார்க்கிற மாதிரி. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எங்க அண்ணன் பக்கத்துல மட்டும் கொண்டீங்களே?" என்றாள். "நான் அண்ணனவிட ஒல்லில்லா. நடுவுல இருக்க கைப்பிடியத் தூக்கி விட்டுட்டு ஒட்டி உக்காந்துக்கிடுதேன். எனக்கு அர சீட்டு போதும் மதினி."

நான் அழுதுவிட்டேன். அவர் சாவுக்குப் பிறகு இத்தனை பேர் வந்து எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தரும் எனக்கு அரை சீட்டு போதும் என்று சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், பட்டணத்துத் தமிழ், ரொம்பப் பணிவு. என் பக்கத்தில் உட்காரப் போவது என் நாத்தனார், அவளுக்கு இடிபடுவதில் சங்கடம் இல்லை, அவள் பெயரில் அந்தச் சீட்டை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஃபிளைட் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் ரெண்டு பாசஞ்சருக்கு நடுவுல ஆர்ம்ரெஸ்ட் கீழே இருக்கணும் மேடம். எக்ஸ்ட்ரா சீட் காலியாத்தான் இருக்கணும்."

"பக்கத்துல இருக்கவளே சரிங்கும்போது என்னம்மா?"

"அவங்க சம்மதம் கணக்குல வராது மேடம்."

வேறு ஒரு சீட்டாவது அவளுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த விமானத்தில் ஓர் இடம்கூட இல்லை. அடுத்த நாளைக்கு மாற்றலாம் என்றாள். மகளின் ரத்த அழுத்தம் அடுத்த நாள்வரை காத்திருக்குமா என்று யார் சொல்ல முடியும்?

அந்தப் பெண்ணைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் யோசித்தால் சட்டம் அநியாயம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் என் பக்கத்தில் மூச்சுமுட்ட உட்கார்ந்து டெல்லிவரை போகவேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது? அவருக்கும் முழு சீட்டு வேண்டும்தானே. முன்பின் தெரிந்தவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

நாத்தனார் தன் பையைத் திறந்தாள். மாவையும் கருப்பட்டியையும் என் பெட்டியில் அடைத்தாள். ஸ்வெட்டரையும் வைத்து, "ஒங்களுக்குப் பத்தாது, ஒங்க மவளுக்குக் குடுங்க" என்றாள். வெறும் பையோடு கீழப்பாவூர் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலை ஆரியங்காவு வழியாகக் கார் போயிற்று. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். அது வேண்டியதாகத்தான் இருந்தது. கவுண்டரில் இருந்த பையன் என் பின்னால் எட்டிப் பார்த்து, "செகண்ட் பாசஞ்சர் எங்கே மேடம்?" என்றான்.

"ரெண்டும் நான்தான்" என்றேன். என் குரல் தெரியும்தானே, வரிசை முழுக்கத் திரும்பியது. ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

விமானத்தில் நடைபாதையோரமும் நடுவிலும் என் சீட்டுகள், இரண்டுக்கும் இடையில் இருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலோரம் ஒரு மலையாளி, என் வயதுதான் இருக்கும். பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண்ணிடம் கேட்டேன், நீட்டுகிற துண்டு பெல்ட்டை யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டிக்கொண்டேன். கதவைச் சாத்தினார்கள். எல்லா சீட்டும் நிறைந்திருந்தது, எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததைத் தவிர. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செங்கோட்டை தாண்டினால் காதில் விழுகிற மலையாளத்தில்தான் கேட்டார்.

"சேச்சி, கூடெ உள்ள ஆள் வந்நில்லே?"

கூட வருகிற ஆள் வரவில்லையா என்கிறார். காலையிலிருந்து பழகி, ஒரு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, ஜெயித்துவிட்டு வந்த வாக்கியம் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யாரோ தவறவிட்டுவிட்டார்களே என்ற கவலையோடு கேட்டார்.

"இல்ல" என்றேன். "அவுக வரல."

அவர் அடடா என்று தலையை ஆட்டினார். பரவாயில்லை, தாராளமாக உட்கார்ந்து போகலாமே என்று மலையாளத்தில் சொன்னார். விமானம் ஓட ஆரம்பித்தது, எனக்கு அதுதான் முதல் தடவை. ஓரத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், உட்கார நல்ல வசதியாக இருந்தது. இவ்வளவு இடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.