குரல் நாணில் ரத்தம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண டின்னர். விருந்தாளிகள் வர இன்னும் நேரம் இருந்தது. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடையில் நின்று, மைக்கைச் சரிபார்ப்பதற்காக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். அதில் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஓர் இடம் உண்டு. பல வருடங்களாக யோசிக்காமலே எட்டிப் பிடித்த இடம். அங்கே போனபோது தொண்டைக்குள் ஏதோ சட்டென்று விட்டுப்போனது. வலி இல்லை. வாய் திறந்திருந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

சவுண்டு பார்ப்பவர் மைக்தான் போய்விட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. போனது மைக் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நான் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவோடு விருந்துகளுக்குப் பாடப் போவேன். ஞாயிறு காலை மாதா கோயிலில் பாடுவேன். குரலைப் பார்த்துக்கொள்கிற மாதிரி நான் எங்கள் பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொள்வதில்லை என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டேன். கைப்பையில் எப்போதும் வெந்நீர்க் குடுவை இருக்கும். புகைமூட்டம் வரும் நாட்களில் முகக்கவசம் இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன். அந்த வாரம் தலைவலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தேன். தொண்டை கரகரத்தபோதெல்லாம் குழுவில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயை நானும் அடித்துக்கொண்டேன். இதமாக இருந்தது.

குழுவை நடத்துபவர் கீபோர்டு வாசிப்பவர். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் கொஞ்சமும் பதறவில்லை. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனார்.

"பயப்படாதீங்கக்கா. ஒரு ஊசி போட்டா டின்னருக்குள்ள குரல் வந்துரும். பாடுறவங்க எல்லாம் போடுறதுதான் லா."

எல்லாம் என்றால் யார் யார் என்று கேட்க எனக்குச் சத்தம் இல்லை. எந்த நிகழ்ச்சியிலும் களைக்காத சில குரல்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களெல்லாம் இப்படித்தான் பாடினார்களா?

கிளினிக்கில் இருந்தது ஒரு மலாய்ப் பெண் டாக்டர், சின்ன வயதுதான். விவரத்தைக் கேட்டார், என் தொண்டையில் விளக்கை அடித்துப் பார்த்தார், பிறகு ஊசி போட முடியாது என்றார். உள்ளே குரல் நாண் எப்படி இருக்கிறது என்று கேமராவில் பார்க்காமல் போட்டால் ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். குழுத் தலைவர் மலாயில் வாதாடிப் பார்த்தார். "தா போலே, காக்," என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முடியாது, அக்கா. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. குரல் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன்.

அன்று விருந்தை ஆண் பாடகர் ஒருவரே சமாளித்தார். நான் என்னைக் கூட்டிப்போக வந்த கணவரின் காரில் கிள்ளானுக்குத் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. மற்றது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ரத்தச் சிவப்பு. அது என் உடம்புக்குள் இருக்கிறது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

குரல் நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். கைப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். தலைவலி மாத்திரை ரத்தத்தை இளக்கும் வகை. வெடிப்புக்கு அது துணை போயிருக்கும் என்றார். பிறகு ஸ்பிரே பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தார்.

"இது தொண்டைய மரத்துப்போக வைக்கிற மருந்தும்மா. வலிச்சிருந்தா நீங்களே பாடுறத நிறுத்தியிருப்பீங்க. வலிக்க விடாம பண்ணிட்டீங்க."

தேன், மூலிகை என்று ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலில் தேனடைப் படம்கூட இருந்தது. கிளினிக்கில் ஊசி கேட்டதையும் எழுதிக் காட்டினேன். அன்று அதையும் போட்டுக்கொண்டு பாடியிருந்தால் வீக்கம் மட்டும் இறங்கி, குரல் இருப்பது போலத் தோன்றி, வெடித்த இடம் இன்னும் கிழிந்திருக்கும் என்றார். தழும்பு விழுந்தால் பழைய குரல் வராது.

பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, தொண்டையைச் செருமக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அலுவலகத்தில் போன் இல்லாத வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் எல்லாவற்றையும் கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். என் கணவர் என்னோடு பேசும்போதெல்லாம் தன்னை அறியாமல் கிசுகிசுத்தார். அவர் குரலுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் காட்டினால் சிரிப்பார், மறுபடியும் கிசுகிசுப்பார். ஞாயிறு பூசையில் எல்லோரும் பாடும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் நான் ஏதோ துக்கத்தில் இருப்பதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் டாக்டர் "ம்" என்று சொல்லச் சொன்னார். வந்த சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை, யாரோ பக்கத்து அறையில் முனகியது போல இருந்தது. அதற்குப் பிறகு பல வாரங்கள் தண்ணீர் டம்ளரில் ஸ்டிராவை விட்டு, ஊதிக்கொண்டே ஓசை எழுப்பும் பயிற்சி. சிவப்பு மஞ்சளாகி, மெல்ல வெளுத்தது.

நான் பேச ஆரம்பித்த பிறகு குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஸ்பிரேயையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். டாக்டர் தழும்பைப் பற்றிச் சொன்னதை நான் விவரித்தேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"நானும் அந்த ஊசி நெறைய போட்டுருக்கேன்க்கா. முன்னாடி நான்தானே குழுவுல பாடுனேன்."

அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. அவருடைய அந்தக் கரடுமுரடான பேச்சுக் குரல் பிறவியிலேயே வந்தது என்றுதான் இத்தனை வருடங்களும் நினைத்திருந்தேன். அது கம்மிப்போன பிறகுதான் கீபோர்டுக்கு மாறினாராம். வயதாக ஆகக் குரல் அப்படித்தான் ஆகும் என்று அவரும் நம்பியிருக்கிறார். ஊசியையும் குரல் போனதையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை. அன்று என் கண்ணெதிரே முடிச்சுப் போட்டுப் பார்த்தார். என் கணவர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைத் தேவையில்லாமல் கூட்டினார்.

நான் பார்த்த அதே டாக்டரிடம் அவரை அனுப்பினேன். பழைய தழும்பு, பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்களாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னார். சாதாரணமாகத்தான் பேசினார்.

கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் மறுபடி பாடினேன். என் மேல் ஸ்தாயி முழுதாகத் திரும்பவில்லை. இனி திரும்பாமலும் போகலாம். நான் சொல்வதற்கு முன்பே குழுத் தலைவர் கீபோர்டில் சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பல்லவியை எடுத்தேன்.