புது ட்ரான்ஸ்போமரும் என் பழைய ஆம்பும்

குண்டசாலையில் எங்கள் லேனுக்கு இன்று புது ட்ரான்ஸ்போமர் பூட்டிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இனி லைட் மங்காது. எல்லாரும் ஒரே நேரம் எல்லாத்தையும் போட்டாலும் ஒண்டும் ஆகாது. ஒங்கட கிட்டாருக்கும் நல்லம் தானே?"

"நல்லம் நானா" என்றேன். பொய்.

என்னுடையது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வ் ஆம்ப். கம்பியை ஓங்கி அடித்தால் அதற்குள் வோல்டேஜ் ஒரு கணம் விழும். சத்தம் சற்றே பதுங்கி, பிறகு மெல்ல எழுந்து வரும். வீட்டுக்கு வரும் கரண்டும் குறைந்திருந்தால் இன்னும் இளகிவிடும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நானா வீட்டில் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தல் போடுவார்கள். எதிர்வீட்டு டீச்சர் ரைஸ் குக்கரைப் போடுவார். நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் பல்ப் மங்கும், விரலுக்கடியில் ஸ்வரம் குழையும். யாரோடும் ஒரு வார்த்தை பேசாத நாளில்கூட, நான் தனியாக வாசிக்கவில்லை என்று தோன்றும்.

இன்றும் அதே நேரத்தில் கிட்டாரில் அதே கோர்டை அடித்தேன். சத்தம் உடனே வந்து விறைப்பாக நின்றது. நானா வீட்டில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. ஆம்புக்கு ஒன்றும் தெரியவில்லை.

உங்களில் யாருடைய லேனிலாவது இன்னும் கரண்ட் குறைவாக இருந்தால் சொல்லுங்கள், ஆம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

தேத்தண்ணி எனக்கு வேண்டாம். கேத்தலை மட்டும் போட்டால் போதும்.